கரண்ட் போனதும் கத்தும் விசிறி

எங்கள் கே.கே. நகர் குடியிருப்பில் கரண்ட் போனால் முதலில் ஒரு நொடி முழு அமைதி. பிறகு மாடிப்படியில் நின்று கேட்டால் வீட்டுக்கு வீடு 'டக்', 'டக்' என்று சத்தம் வரும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச், ஈ.பி. லைனை விட்டு பேட்டரிக்குத் தாவும் சத்தம் அது. அதற்குப் பிறகுதான் விசிறிகள் தங்கள் குணத்தைக் காட்டும். சில வீடுகளில் எப்போதும்போல ஓடும். சில வீடுகளில் உத்தரத்தில் தேனீக்கூடு கட்டியதுபோல 'ர்ர்ர்' என்று முனகிக்கொண்டே ஓடும்.

கீழ்வீட்டு அம்மாவின் வீட்டில் அந்த முனகல் பலம். "சார், உங்க வீட்லயும் எங்க வீட்லயும் ஒரே கம்பெனி ஃபேன்தான். கரண்ட் போனா எங்க ஃபேன் மட்டும் ஏன் கத்துது?" என்று ஒருநாள் கேட்டார். கூடவே இன்னொரு குறையும் சொன்னார். பேட்டரி முன்னைப்போல நிற்பதில்லை, ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. பெரிய இன்வெர்ட்டராகப் போட்டு, 200 ஆம்பியர்-மணி பேட்டரியும் வைத்துவிடுங்கள் என்கிறார்களாம் கடையில். வாங்கலாமா?

நல்ல கேள்விகள். இரண்டுக்குமே, இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணில் பதில் கிடையாது. மின்சாரம் என்ன வடிவத்தில் வருகிறது, ஒரே நேரத்தில் எவ்வளவு தரும், எத்தனை மணி நேரம் தரும் என்பவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். கடையில் மூன்றையும் சேர்த்துப் பிசைந்து ஒரே எண்ணாக நீட்டிவிடுகிறார்கள். நாம் அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும், பாதிப் பணம் மிச்சம்.

சென்னைக்காரர்கள் இன்வெர்ட்டரோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியது பெரும்பாலும் 2008-ஐ ஒட்டி வந்த மின்தட்டுப்பாட்டுக்குப் பிறகுதான். 2012-ல் நகரத்தில் சுழற்சி முறையில் தினம் 2 மணி நேரம் மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டிய நாட்களும் உண்டு. அந்த 2 மணி நேரக் கணக்கில் வாங்கிய பெட்டிகள் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றை ஒட்டிய பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மற்ற மாதங்களில் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை ஈ.பி. நிறுத்தும் நாட்கள். நமக்குத் தேவையான நேரம் மாறிவிட்டது, பெட்டி மாறவில்லை.

முதலில் வடிவம். பேட்டரியிலிருந்து வருவது ஒரே பக்கமாக ஓடும் மின்சாரம். நேர்திசை மின்னோட்டம். சுவர் பிளக்கில் வருவது முன்னும் பின்னும் ஆடும் மின்சாரம். மாறுதிசை மின்னோட்டம். மரவாடியில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று ரம்பம் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ரம்பம் எங்கேயும் பயணம் போவதில்லை. இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். ஆனாலும் மரம் அறுபடுகிறது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 தடவை இப்படிப் போய்வருகிறது. போவது ஒன்று, வருவது ஒன்று என்று பார்த்தால் 100 தடவை திசை திரும்புகிறது.

பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக்கு வேண்டிய 230 வோல்ட்டாக உயர்த்த ஒரு மின்மாற்றி தேவை. டிரான்ஸ்ஃபார்மர் என்று நாம் சொல்வது. அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒரே சீராக ஓடும் மின்னோட்டத்தை அது கண்டுகொள்ளாது. ஆடுகிற மின்னோட்டத்தைக் கொடுத்தால்தான் மறுபக்கச் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆகவே பேட்டரி மின்சாரத்தை முதலில் ஆட்ட வேண்டும். இன்வெர்ட்டருக்குள் மின்னணுக் கதவுகள் இருக்கின்றன. ஒரு ஜோடி திறந்தால் மின்சாரம் இடமிருந்து வலமாகப் பாயும், அதை மூடி மறு ஜோடியைத் திறந்தால் வலமிருந்து இடமாகப் பாயும். மாறுதிசையை நேர்திசையாக்கும் கருவிகள் முன்பே இருந்தன. அதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வைப்பதால் இதற்கு 'தலைகீழாக்கி' என்ற பொருளில் இன்வெர்ட்டர் என்று பெயர் வந்தது. 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் டேவிட் பிரின்ஸ் இந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். தட்டையான மின்சாரத்தை அலையாக மாற்றுவதால் 'அலையாக்கி' என்று தமிழில் சொல்லிப் பார்க்கிறேன், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கதவை மட்டும் மாற்றி மாற்றித் திறந்தால் கிடைக்கும் அலை எப்படி இருக்கும்? திறந்த கணமே முழு அழுத்தம், அடுத்த கணம் எதிர்ப்பக்கம் முழு அழுத்தம், இடையில் எதுவும் இல்லை. வரைந்து பார்த்தால் கோட்டை மதிலின் மேல்விளிம்பு மாதிரி இருக்கும். சதுர அலை. ஈ.பி. தரும் மின்சாரம் அப்படியல்ல. அது ஊஞ்சல் மாதிரி மெல்ல ஏறி, உச்சியில் தயங்கி, மெல்ல இறங்கி, மறுபக்கம் போகிறது. அது சைன் அலை. கீழ்வீட்டில் இருந்தது சதுர அலைப் பெட்டி.

சதுரம் என்றால் விசிறி ஏன் கத்த வேண்டும்? இங்கேதான் ஒரு பிரெஞ்சுக்காரர் உதவிக்கு வருகிறார். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்த ஜோசப் ஃபூரியே, 1822-ல் வெளியிட்ட நூலில், திரும்பத் திரும்ப வரும் எந்த வடிவ அலையையும் பல சைன் அலைகளின் கூட்டாக எழுதிவிடலாம் என்று காட்டினார். நம் சதுர அலையைப் பிரித்தால் உள்ளே 50 சுழற்சி சைன் அலை ஒன்று இருக்கும். அதோடு மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் 150 சுழற்சி, ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் 250 சுழற்சி, ஏழில் ஒரு பங்கில் 350 என்று ஒரு பட்டாளமே ஒளிந்திருக்கும்.

இசை கேட்கிறவர்களுக்கு இது புதிதல்ல. வீணையிலும் நாதஸ்வரத்திலும் அதே ஷட்ஜத்தை வாசித்தாலும் எது வீணை, எது நாதஸ்வரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோம். அடிப்படைச் சுரம் ஒன்றுதான். அதன் மேல் எந்தெந்த மேற்சுரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. சாதாரணத் தோல் முழவின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கரகரக்க, நம் மிருதங்கத்தின் மேற்சுரங்கள் மட்டும் ஏன் சுருதியோடு இழைகின்றன என்று சர் சி.வி. ராமன் ஆராய்ந்தார். தோலின் நடுவே அப்பும் கரணையின் எடையில் அந்த ரகசியம் இருக்கிறது. சதுர அலையின் மேற்சுரங்கள் சரியான மடங்குகளாகவே இருந்தாலும் மோட்டாருக்கு அவை வேண்டாத முழக்கம்தான். அடி விழுகிறது, இனிமை இல்லை.

விசிறி மோட்டாரைச் சுற்ற உதவுவது 50 சுழற்சி அலைதான். கூட வரும் 150-ம் 250-ம் பயனுள்ள சுழற்சி தராமல் சுருளைச் சூடாக்கி, உள்ளே அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளை அதிர வைக்கின்றன. ஈ.பி.யில் ஓடும் விசிறி எழுப்பும் மெல்லிய 100 சுழற்சி இரைச்சலை நம் காது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. சில நூறு சுழற்சிக்கு மேலே போகப் போகக் காது கூர்மையாகும். அதனால்தான் அந்த முனகல் உறைக்கிறது.

இதைச் சோதிக்காமல் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் இலவசச் செயலிகள் செல்போனுக்கு இருக்கின்றன. கீழ்வீட்டுப் படுக்கையறையில் விசிறிக்கு நேர் கீழே, கட்டிலின் மேல் போனை வைத்தோம். ஈ.பி.யில் ஓடும்போது 100-ல் ஒரு சின்ன முள், சுற்றிலும் காற்றிரைச்சலின் மேடு. அந்த வீட்டுப் பையன் மெயினை அணைத்தான். 'டக்'. மறுகணம் திரையில் 200, 300, 400 என்று சீப்புப் பல் மாதிரி முட்கள் எழும்பின. எல்லாம் 100-ன் மடங்குகள். மின்னோட்டம் எந்தத் திசையில் போனாலும் மின்காந்தம் இரும்பை இழுக்கத்தான் செய்யும். அதனால் ஒரு போய்வரலுக்கு இரண்டு இழுப்பு, 50-க்கு 100. ஃபூரியே சொன்ன பட்டாளத்தை ஒரு கட்டிலின் மேல் வைத்து அந்த அம்மாவுக்குக் காட்ட முடிந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அப்படியானால் சைன் அலைப் பெட்டி மட்டும் எப்படிச் சாதிக்கிறது? அதிலும் அதே கதவுகள்தான். திற அல்லது மூடு, அரைக்கதவு கிடையாது. நாளிதழில் வரும் புகைப்படத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். சாம்பல் நிறமே இருக்காது, கருப்புப் புள்ளிகள் மட்டும்தான். புள்ளி பெருத்த இடம் கருமையாகவும், சிறுத்த இடம் வெளிறியும் தெரியும். கண் அதைக் கலந்து முகமாகக் காண்கிறது. இன்வெர்ட்டரும் கதவுகளை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. அலையின் உச்சி வர வேண்டிய நேரத்தில் அதிக நேரம் திறந்து வைக்கிறது, சரிவில் குறைத்துக்கொள்கிறது. கண் செய்யும் கலப்பு வேலையை இங்கே மின்மாற்றிச் சுருளும் ஒரு மின்தேக்கியும் செய்கின்றன. வெளியே வழுவழுப்பான அலை வருகிறது.

எல்லாச் சாதனத்துக்கும் சைன் அலை கட்டாயமா என்றால், இல்லை. செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, டி.வி., வைஃபை பெட்டி எல்லாம் மின்சாரம் உள்ளே வந்ததும் முதல் வேலையாக அதை நேர்திசையாக்கிக்கொள்கின்றன. வரும் அலை சதுரமா வட்டமா என்று அவை பெரிதாகக் கவலைப்படுவதில்லை. மோட்டாரும் மின்மாற்றியும் உள்ளவைதான் படாதபாடு படும். பழைய விசிறி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அடுத்து, பெட்டியின் மேல் இருக்கும் அந்த எண். 900 வி.ஏ. என்று போட்டிருந்தால் 900 வாட் வரை ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வந்த எண். வாட் என்பது உண்மையில் வேலையாக மாறும் திறன். இரண்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்? எங்கள் கே.கே. நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் ஒரு பஸ்ஸை எண்ணிக்கொள்ளுங்கள். சிலர் ஏறி, வேலையிருக்கும் இடத்தில் இறங்கிக்கொள்கிறார்கள். சிலர் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமலே அதே பஸ்ஸில் திரும்பி வருகிறார்கள். ஊருக்கு அவர்களால் ஒரு வேலையும் ஆகவில்லை, ஆனால் இருக்கை அடைபட்டது அடைபட்டதுதான். மோட்டார்களிலும் இப்படி ஒரு பங்கு மின்னோட்டம் காந்தப்புலத்தை எழுப்பப் போய், புலம் அடங்கும்போது திரும்பி வந்துவிடுகிறது. பிளஸ் டூ பாடநூலில் இதற்குச் சுழித்திறன் மின்னோட்டம் என்று பெயர். இன்வெர்ட்டரின் கம்பிகளும் கதவுகளும் இதையும் சேர்த்துத்தான் சுமக்கின்றன, சூடாகின்றன. அதனால் பெட்டி வி.ஏ.யில் பேசுகிறது. ஏறியவர்களில் எத்தனை பங்கு உண்மையில் இறங்கினார்கள் என்பதுதான் திறன் காரணி. வீட்டு இன்வெர்ட்டர்களில் வாட் அளவு பெரும்பாலும் வி.ஏ.யின் 70, 80 சதவீத அளவில் இருக்கும். அந்த எண்ணும் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

செம்புச் சுருள் சோக் போட்ட பழைய டியூப் லைட் இதற்கு நல்ல சாட்சி. அது எடுக்கும் திறன் சோக்கையும் சேர்த்து சுமார் 55 வாட். ஆனால் அதன் கம்பியைச் சுற்றி எலெக்ட்ரீஷியன் ஒருவர் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 0.4 ஆம்பியர் அளவில் காட்டும். 230-ஆல் பெருக்கினால் 92 வி.ஏ. பத்துக்கு நான்கு இருக்கைகளில் இறங்காத பயணிகள்.

மோட்டார் புறப்படும் கணம் தனிக் கதை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே ஒரு சின்ன ஜெனரேட்டராகவும் வேலை செய்து, உள்ளே வரும் மின்னழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. எதிர் மின்னியக்கு விசை என்பார்கள். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை. ஆகவே அரை நொடிக்கு, ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. சரக்கேற்றிய மீன்பாடி வண்டியைக் கிளப்ப முதல் மிதியில் உடம்பு முழுவதையும் பெடலில் சாய்க்க வேண்டியிருக்கிறது, உருண்டுவிட்டால் கால் தானாகப் போகிறது. ஃப்ரிட்ஜ் 150 வாட்தானே என்று இன்வெர்ட்டரில் மாட்டியவர்கள், அது கம்ப்ரஸரைக் கிளப்பும் கணத்தில் பெட்டி 'பீப்' என்று கத்தி நின்றுபோவதைப் பார்த்திருப்பார்கள். வெட் கிரைண்டரும் அப்படித்தான், அதிலும் உள்ளே மாவு கெட்டியாக இருந்துவிட்டால்.

கடையில் அடிக்கடி கேட்கும் ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். இன்வெர்ட்டர் ஏ.சி. என்றால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் ஏ.சி. என்று பொருளல்ல. அதன் உள்ளேயே ஓர் அலையாக்கி இருந்து, கம்ப்ரஸர் மோட்டாருக்கு வேண்டிய வேகத்துக்கேற்ப அலையைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது. பெயர் ஒன்று, வேலையிடம் வேறு.

இனி பேட்டரி. கீழ்வீட்டில் இருப்பது 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட்-மணி. ஈ.பி. கணக்கில் 1.8 யூனிட். அவ்வளவுதான்! ஆள் தூக்க முடியாத அந்தக் கனத்துக்குள் இரண்டு யூனிட் மின்சாரம்கூட இல்லை. அதையும் முழுக்க எடுத்துவிட முடியாது. அந்த 150 என்பது 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. இரண்டு மணி நேரத்தில் உறிஞ்சினால் குறைவாகத்தான் வரும். இந்தக் குறைவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று ஜெர்மானியர் பொய்க்கர்ட் 1897-லேயே அளந்து காட்டினார்.

காரணம் தெரிய நம் கிணற்றடிக்குப் போக வேண்டும். கோடையில் மோட்டார் போட்டு இறைத்தால் கிணறு பத்து நிமிடத்தில் வற்றிக் காற்றை இழுக்கும். ஒரு மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி தண்ணீர் இருக்கும். பூமியில் தண்ணீர் இருந்தது, ஊற்று வந்து சேர நேரம் பிடித்தது. பேட்டரியிலும் மின்சாரம் ஈயத் தகட்டின் நுண்துளைகளுக்குள் அமிலம் வந்து சேரும் இடத்தில்தான் பிறக்கிறது. வேகமாக இழுத்தால் துளைக்குள் இருக்கும் அமிலம் தீர்ந்துவிடும், வெளியே இருக்கும் அமிலம் ஊறி உள்ளே போக அவகாசம் கிடைக்காது. 'பேட்டரி லோ' என்று நின்றுபோன இன்வெர்ட்டரைக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் சற்று ஓடுகிறதே, அது ஊற்று திரும்பியதன் அடையாளம்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் அமிலத்தையே கேட்கலாம். மின்சாரம் வெளியேற வெளியேற அமிலத்திலிருக்கும் சல்பேட் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது, மிஞ்சுவது தண்ணீரை நெருங்கிவிடுகிறது. பேட்டரி பார்க்க வருகிறவர் கையில் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். அமிலத்தை உறிஞ்சினால் உள்ளே ஒரு மிதவை எழும். கெட்டியான அமிலத்தில் உயரமாக மிதக்கும், நீர்த்ததில் அமிழும். முழுதாக ஏறிய பேட்டரியில் அடர்த்தி தண்ணீரைப்போல 1.24 மடங்கு அளவில் இருக்கும். கீழ்வீட்டுப் பேட்டரியின் ஆறு அறைகளில் ஐந்து ஏறக்குறைய சரியாக இருந்தன. ஆறாவதில் மிதவை பாதாளத்தில் கிடந்தது. ஒரு அறை படுத்தால் சங்கிலி முழுவதும் படுத்ததுதான், ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. பேட்டரியை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

அது ஏன் சீக்கிரம் கெட்டது என்பதற்கு வைத்திருந்த இடமே பதில் சொன்னது. மேற்குப் பார்த்த பால்கனி. மாலை வெயில் நேராக அடிக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்று தோராயமாக ஒரு கணக்கு உண்டு. உள்ளே நடக்கும் அரிப்பும் ஒரு வேதிவினைதான், சூட்டில் அது வேகம் எடுக்கும். அதற்காக அலமாரிக்குள் பூட்டியும் வைக்கக் கூடாது, விளக்கேற்றும் பூஜை அறைப் பக்கமும் கூடாது. சார்ஜ் ஏறி முடியும் கட்டத்தில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். டிஸ்டில்டு வாட்டர் குறைவதும் இதனால்தான். நிழலும் காற்றோட்டமும் உள்ள கூடத்து மூலை போதும்.

சரி, எவ்வளவு பெரிய பேட்டரி? அதற்கு வீடு எவ்வளவு தின்கிறது என்று தெரிய வேண்டும். மாடிப்படிக்கடியில் இருக்கும் ஈ.பி. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்குமே, அதுதான் நமக்கு ஆய்வுக்கூடம். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று எழுதியிருக்கிறது. வேறு மீட்டரில் வேறு எண் இருக்கலாம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 3200-ஆல் வகுத்தால் ஒரு மினுக்குக்கு 1125 ஜூல். இரண்டு மினுக்குக்கு இடையே எத்தனை நொடி என்று பார்த்து 1125-ஐ அதால் வகுத்தால் அப்போது வீடு எடுக்கும் வாட் வந்துவிடும்.

பையன் மேலே சுவிட்சுகளைப் போட்டு அணைக்க, நானும் அந்த அம்மாவும் கீழே மீட்டர் முன் நின்றோம். போனில் பேசிக்கொண்டே வேலை நடந்தது. முதலில் இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்தோம், விளக்கு அசையவில்லை. ஒரு பழைய விசிறியை முழு வேகத்தில் போட்டதும் 15 நொடிக்கு ஒரு மினுக்கு. பிழை குறைய பத்து மினுக்கை எண்ணினோம், 150 நொடி. ஆக 75 வாட். பிறகு என் வீட்டில் ஓடும் பி.எல்.டி.சி. என்ற புதுவகை விசிறியை என் மீட்டரில் அதேபோல எண்ணினோம். முதல் மினுக்கு வந்தது. அடுத்தது வரவே இல்லை. "நின்னுடுச்சா சார்?" என்றார் அம்மா. 40-வது நொடியில் வந்தது. 28 வாட்.

மூன்று பழைய விசிறி, ஐந்து எல்.இ.டி. விளக்கு, டி.வி., வைஃபை. எல்லாம் சேர்த்து அந்த வீட்டுக்கு 340 வாட். 150 ஆம்பியர்-மணி பேட்டரியில், பொய்க்கர்ட்டின் பங்கும் இன்வெர்ட்டருக்குள் சூடாக வீணாவதும் போக, பிளக்கில் கைக்கு வருவது 1200 வாட்-மணி என்று அடக்கமாக வைத்துக்கொள்வோம். மூன்றரை மணி நேரம். விசிறிகளை மட்டும் பி.எல்.டி.சி.க்கு மாற்றினால் தேவை 200 வாட்டுக்கு இறங்குகிறது. அதே பேட்டரி 6 மணி நேரம் வருகிறது. மெதுவாக இறைப்பதால் ஊற்றும் கூடுதலாகக் கைகொடுக்கும். 9 முதல் 2 வரையான நிறுத்தத்துக்குத் தாராளம்.

அதோடு முதல் கேள்வியும் இங்கே தீர்ந்துவிடுகிறது. பி.எல்.டி.சி. விசிறிக்குள் நிரந்தரக் காந்தங்களும் ஒரு மின்னணுத் தட்டும் இருக்கின்றன. வரும் மின்சாரத்தை அது சார்ஜரைப்போல முதலில் நேர்திசையாக்கிவிட்டு, பிறகு தனக்கு வேண்டிய அலையைத் தானே செய்துகொள்கிறது. வாசலில் சதுரமாக வந்தாலும் மோட்டார் வரைக்கும் அந்தச் சதுரம் போய்ச் சேராது. ஆகவே புதிய இன்வெர்ட்டர் வாங்காமலே முனகல் ஒழியும். பழைய விசிறியையே வைத்திருப்பவர்கள் சைன் அலைப் பெட்டி வாங்குவதுதான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பணம் ஒரு தடவைதான் செலவழிக்க முடியும் என்றால் அதை விசிறிக்குக் கொடுங்கள் என்பேன்.

கவனித்தீர்களா, பேட்டரி நேர்திசை. இன்வெர்ட்டர் அதை மாறுதிசையாக்குகிறது. விசிறி அதை மறுபடி நேர்திசையாக்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் சூடாகப் போகிறது. நடுவில் எதற்கு இந்தச் சுற்று என்று கேட்டவர்கள் எங்களுக்குச் சற்றுத் தள்ளி கிண்டியைத் தாண்டி இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும், வீட்டுக்குள் 48 வோல்ட் நேர்திசைக் கம்பி ஒன்றை ஓடவிட்டு, சூரியத் தகட்டையும் பேட்டரியையும் விளக்கையும் விசிறியையும் அதிலேயே இணைக்கும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். ராஜஸ்தான் பாலைவனத்தில், மின்கம்பி எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளில் அது போடப்பட்டது.

48 ஏன், 12 ஏன் இல்லை? இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் இணைக்கும் கம்பியைப் பாருங்கள், விரல் தடிமன் இருக்கும், ஒரு முழத்துக்கு மேல் நீளமும் இருக்காது. 600 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்ப 3 ஆம்பியர்கூட வேண்டாம். 12 வோல்ட்டில் அனுப்ப 50 ஆம்பியர் வேண்டும், வீணாவதைச் சேர்த்தால் அதற்கும் மேல். கம்பியில் வீணாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறும். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும் பொடி, தளர்ந்த நட்டு, இரண்டுமே அந்த இடத்தில் மின்சாரத்தைத் தின்னும். இதே 12 வோல்ட் சிக்கல் காரிலும் உண்டு. காரில் ஏலகிரிக்குப் போய்க் கூடாரம் போட நினைப்பவர்கள் சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் குட்டி இன்வெர்ட்டரை நம்பி எலெக்ட்ரிக் குக்கர் எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துளை பல கார்களில் 10 ஆம்பியர்தான் தாங்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 120 வாட். லேப்டாப்புக்கும் சின்ன விசிறிக்கும் சரி. சோறு வேகாது. அதற்கு பேட்டரியிலிருந்தே தடித்த கம்பி இழுக்க வேண்டும், இன்ஜினைக் கிளப்ப மிச்சம் இருக்கும்படி தனி பேட்டரியும் வேண்டும்.

கீழ்வீட்டில் பழைய பெட்டி அப்படியே இருக்கிறது. பேட்டரி புதிது, அதே 150, கூடத்து மூலையில். விசிறி மூன்றும் மாறின. சென்ற நிறுத்தத்தன்று இரண்டு மணிக்கு கரண்ட் வந்தபோது மாடிப்படியில்தான் நின்றிருந்தேன். வீட்டுக்கு வீடு 'டக்' கேட்டது. கீழ்வீட்டிலும் கேட்டது, அதற்கு முன்னும் பின்னும் வேறு சத்தம் இல்லை. கிரைண்டர் மட்டும் அந்தப் பெட்டியில் ஓடாது. ஆகவே அரிசி ஊறப்போடும் முன் அந்த அம்மா நாளைக்கு எங்கெங்கே மின்நிறுத்தம் என்ற பட்டியலைப் பையனைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார்.